கியூடிட் செயலிகளின் திறனை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டுக்கு மேற்பட்ட ஆற்றல் மட்டங்களை வைத்துக் கணக்குப் போடும் குவாண்டம் செயலிகளைப் பற்றிய செய்திகள் சில ஆண்டுகளாகவே வந்துகொண்டிருக்கின்றன. செய்தியோடு கூடவே, கருவி எவ்வளவு சரியாக வேலை செய்கிறது என்று சொல்லும் ஒரு சதவீதமும் வரும். 99.9 என்பார்கள், 97.3 என்பார்கள். அதை, இரண்டே மட்டங்களை வைத்து வேலை செய்யும் கியூபிட் செயலி ஒன்றின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இது உசத்தி, அது மட்டம் என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் சொல்ல முடியாது. எத்தனை மட்டங்களைப் பயன்படுத்தினார்கள் என்பது அந்தச் சதவீதத்துக்குள்ளேயே கலந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் செய்யும் ஒப்பீடு தப்பாகத்தான் முடியும். எப்படிப் பிரிப்பது என்பதுதான் இங்கே உள்ள பதில்களின் பொதுவான அக்கறை.

கியூடிட் என்றால் என்ன?

கியூபிட்டுக்கு 0, 1 என்று இரண்டு அடிப்படை நிலைகள். மூன்று நிலைகள் இருந்தால் கியூட்ரிட், நான்கு இருந்தால் கியூக்வார்ட். பொதுவாக எத்தனை மட்டம் என்று குறிப்பிடாமல் சொல்லும்போது கியூடிட் என்கிறோம். மட்டங்களின் எண்ணிக்கைதான் அதன் பரிமாணம்.

இதற்காகப் புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இன்றைய கியூபிட்டுகளில் பெரும்பாலானவை உண்மையில் பல மட்டங்கள் கொண்டவைதான். நாம்தான் மேலே உள்ளவற்றைத் தொடாமல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். 2007-இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டிரான்ஸ்மான் என்ற மீக்கடத்திச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மட்டங்களுக்கு இடையிலான இடைவெளி பொதுவாக 5 கிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அடுத்த இடைவெளி அதைவிட 200 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் குறைவு. இந்த வித்தியாசம் இருப்பதால்தான் மூன்றாவது மட்டத்தைத் தனியாகக் கூப்பிட முடிகிறது. கால்சியம்-40 அயனியில் தரைநிலையில் இரண்டும், நீண்ட ஆயுள் கொண்ட டி மட்டத்தில் ஆறும் ஆக எட்டு நிலைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் குழு 2022-இல் இவற்றில் ஏழு வரை பயன்படுத்தி ஒரு முழுமையான கியூடிட் செயலியைக் காட்டியது. சிலிக்கானுக்குள் வைத்த ஆன்டிமனி-123 அணுவின் கருவுக்கு எட்டு சுழல் நிலைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் அதில் வேலை நடக்கிறது. ஒளித்துகள்களை வைத்துச் செய்யும் சிலிக்கான் சில்லுகளும் உண்டு.

கியூபிட்டுகளை அளக்கும் முறைகள் இருக்கின்றனவே, அவை போதாதா?

அடிப்படை யோசனைகள் போதும், சூத்திரங்கள் போதாது. கியூபிட்டுக்காக எழுதப்பட்ட பல சூத்திரங்களில் 2 என்ற எண் ஏதோ மாறாத எண் போல உட்கார்ந்திருக்கும். உண்மையில் அது பரிமாணம். கியூட்ரிட்டுக்குப் போகும்போது அது 3 ஆக வேண்டும், இரண்டு கியூட்ரிட்டுகளுக்கு 9. இதை மாற்றினால் சில முறைகள் அப்படியே வேலை செய்கின்றன. சில முறைகளில் கணிதமே வேறு விதமாகத் திரும்பிவிடுகிறது. கிளிஃபர்டு குழுவைப் பற்றிய கேள்வியில் அதற்கு நல்ல உதாரணம் வருகிறது.

கியூட்ரிட்டின் 99.5 சதவீதமும் கியூபிட்டின் 99.5 சதவீதமும் ஒன்றா?

இல்லை. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ஃபிடெலிட்டி என்பது நாம் செய்ய நினைத்த செயலும் கருவி உண்மையில் செய்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு. இதில் இரண்டு வகை அதிகம் புழங்குகின்றன. ஒன்று சராசரி ஃபிடெலிட்டி: சாத்தியமான எல்லா உள்ளீட்டு நிலைகளுக்கும் சராசரி எடுத்தால் கிடைப்பது. இன்னொன்று செயல்முறை ஃபிடெலிட்டி: செயலை முழுதாக ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு ஒப்பிடுவது. இரண்டுக்கும் உள்ள உறவு எளிது. செயல்முறை ஃபிடெலிட்டியைப் பரிமாணத்தால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, பரிமாணத்தைவிட ஒன்று அதிகமான எண்ணால் வகுத்தால் சராசரி ஃபிடெலிட்டி வந்துவிடும். இதனால் சராசரி முறையில் சொல்லும் பிழை எப்போதுமே செயல்முறை முறையில் சொல்வதைவிடக் குறைவாகத் தெரியும். கியூபிட்டுக்கு அது மூன்றில் இரண்டு பங்கு, கியூட்ரிட்டுக்கு நான்கில் மூன்று பங்கு, ஏழு மட்டம் என்றால் எட்டில் ஏழு பங்கு. எந்த வகை என்று சொல்லாத சதவீதத்தைப் பார்த்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன்.

அடுத்து, எண்ணின் அடித்தளம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் 25 மதிப்பெண் வரும், இரண்டு விடைகள் மட்டும் இருந்தால் 50 வரும். இங்கேயும் அதேதான். ஒரு கேட் (நிலையின் மீது செய்யும் ஒரு செயல்) நிலையை முழுதாகக் குழப்பிவிட்டாலும் கியூபிட்டின் சராசரி ஃபிடெலிட்டி 50 சதவீதத்தில் நிற்கும். கியூட்ரிட்டுக்கு அது 33.3, ஏழு மட்டத்துக்குச் சுமார் 14.3. ஒரே அளவு குழப்பம் மூன்றிலும் மூன்று வேறு சதவீதங்களாக வெளிப்படும்.

எண்ணில் பார்ப்போம். ஒவ்வொரு கேட்டும் நூற்றில் ஒரு பங்கு நிலையை முழுவதும் கலைத்துவிடுகிறது, மீதி 99 பங்கைத் தொடாமல் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஃபிடெலிட்டி கியூபிட்டுக்கு 99.5, கியூட்ரிட்டுக்கு 99.33, ஏழு மட்டத்துக்கு 99.14. இரைச்சலின் அளவு ஒன்றேதான். ஆனால் செய்தியில் பார்ப்பவருக்குக் கியூபிட்தான் சிறந்தது என்று தோன்றும். அதேபோல 99.5 சதவீதம் காட்டும் கியூட்ரிட், அதே எண்ணைக் காட்டும் கியூபிட்டைவிட இரைச்சல் குறைந்தது.

ராண்டமைஸ்டு பெஞ்ச்மார்க்கிங் எப்படி வேலை செய்கிறது?

தற்போக்காகத் தேர்ந்தெடுத்த பல கேட்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, கடைசியில் எல்லாவற்றையும் ரத்துசெய்யும் ஒரு கேட்டைப் போடுவார்கள். பிழையே இல்லை என்றால் தொடங்கிய நிலைக்கே திரும்பி வர வேண்டும். வரிசை நீளமாக ஆக, திரும்பி வரும் வாய்ப்பு குறையும். அந்தச் சரிவு ஓர் அடுக்குக்குறி வளைவாக இருக்கும். வளைவின் சரிவு விகிதத்திலிருந்து ஒரு கேட்டின் சராசரிப் பிழை கிடைத்துவிடும். நிலையைத் தயாரிப்பதிலும் வாசிப்பதிலும் நேரும் பிழைகள் வளைவின் உயரத்தை மாற்றுமே தவிர சரிவை மாற்றாது. இந்த முறையின் மதிப்பே இங்கேதான் இருக்கிறது. எமர்சன் முதலியோர் 2005-இல் தொடங்கிய யோசனை, மேகசன், கம்பெட்டா, எமர்சன் ஆகியோரின் 2011 கட்டுரையில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. 2020-இல் இதைக் கியூடிட் கிளிஃபர்டு கேட்களுக்கு விரித்தார்கள். 2021-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் டிரான்ஸ்மான் கியூட்ரிட்டுகளில் செய்தே காட்டினார்கள்.

கேட்களைக் கிளிஃபர்டு என்ற குழுவிலிருந்து எடுப்பது வழக்கம். ஒரு கியூபிட்டுக்கு அதில் 24 கேட்கள். கியூட்ரிட்டுக்கு 216, ஐந்து மட்டத்துக்கு 3000, ஏழு மட்டத்துக்கு 16,464. இரண்டு கியூபிட்டுக்கு 11,520 என்றால் இரண்டு கியூட்ரிட்டுக்கு 41,99,040. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை, மாதிரி எடுத்தால் போதும். ஆனாலும் ஒவ்வொன்றையும் கருவிக்குப் புரியும் நுண்ணலை அல்லது லேசர் துடிப்புகளாக உடைக்கும் வேலை இருக்கிறது. அது சின்ன வேலை இல்லை.

நான்கு அல்லது ஆறு மட்டங்களுக்கும் இதே கிளிஃபர்டு குழு பயன்படுமா?

அப்படியே பயன்படாது. இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சரிவு ஒரே அடுக்குக்குறி வளைவாக வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தற்போக்குக் கேட்களின் கூட்டம், சாத்தியமான எல்லாக் கேட்களின் கூட்டத்தையும் போலவே இரண்டாம் நிலைச் சராசரி வரை நடந்துகொள்ள வேண்டும். பரிமாணம் பகா எண்ணாக (2, 3, 5, 7) இருந்தால் கிளிஃபர்டு குழு இதை நிறைவேற்றும். 4, 6 போன்ற பகு எண் என்றால், மட்டங்களை ஒரே சுழற்சியாக வரிசைப்படுத்தி வரையறுத்த கிளிஃபர்டு குழு இதை நிறைவேற்றாது. கியூபிட்டையும் கியூட்ரிட்டையும் சேர்த்துக் கட்டிய கலப்புச் செயலிக்கும் இதே கதிதான். 2021-இல் வெளியான நிரூபணம் இது.

அதற்காகக் கியூக்வார்ட்டை அளக்கவே முடியாது என்று ஆகிவிடாது. அதன் நான்கு மட்டங்களை இரண்டு கற்பனைக் கியூபிட்டுகளாகப் பெயரிட்டுக்கொண்டு, இரண்டு கியூபிட்டுக்குரிய 11,520 கேட்களின் குழுவைப் பயன்படுத்தலாம். அது நிபந்தனைக்குப் பொருந்தும். ஆறு மட்டத்துக்கு இந்த வழி இல்லை. எல்லாக் கேட்களிலிருந்தும் தற்போக்காக எடுக்கும் முறைக்கோ, ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குக்குறி வளைவுகளைப் பொருத்தும் முறைக்கோ போக வேண்டும். ஆறு மட்டக் கருவி ஒன்றின் தரவுக்குக் காரணமே சொல்லாமல் ஒற்றை வளைவு பொருத்தியிருந்தால், அந்தப் பிழை எண்ணை நான் நம்ப மாட்டேன்.

ஒரு கேட்டின் பிழை என்கிறார்களே, ஒரு கேட் என்பது எது?

நல்ல கேள்வி. கியூபிட் உலகில் ஒரு கிளிஃபர்டு கேட்டை ஒன்றிரண்டு துடிப்புகளில் முடித்துவிடலாம். கியூடிட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மட்டங்களைத்தான் பெரும்பாலும் இணைக்க முடியும். பொதுவான ஒரு கேட்டை இப்படி இரண்டிரண்டாக இணைத்துக் கட்ட, மூன்று மட்டத்துக்கு மூன்று சுழற்சிகள் வரை, நான்குக்கு ஆறு, ஏழுக்கு 21 வரை தேவைப்படும். ஆகவே ஒரு துடிப்பின் பிழையும் ஒரு முழுக் கேட்டின் பிழையும் பல மடங்கு வேறுபடலாம். ஏழு மட்டக் கருவியில் ஒரு துடிப்பு 99.9 சதவீதம் சரியாக நடந்தாலும், 21 துடிப்புகள் கொண்ட கேட் சுமார் 97.9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். துடிப்பின் எண்ணைத் தலைப்பில் போட்டுவிட்டு, கேட்டின் எண்ணை இணைப்பு அட்டவணையில் ஒதுக்குவது வாசகருக்குச் செய்யும் நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன்.

கசிவு என்றால் என்ன? கியூடிட்டில் கசிவே இருக்காது என்கிறார்களே?

கணக்குக்கு ஒதுக்கிய மட்டங்களை விட்டு நிலை வெளியே போய்விடுவதுதான் கசிவு. டிரான்ஸ்மானைக் கியூபிட்டாகப் பயன்படுத்தும்போது மூன்றாவது மட்டத்துக்குப் போவது கசிவு. அதையே கியூட்ரிட்டாகப் பயன்படுத்தினால் மூன்றாவது மட்டம் நம்முடையது, ஆகவே அந்தக் கசிவு கணக்கில் இல்லை. கசிவே இருக்காது என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் நான்காவது மட்டம் எங்கேயும் போய்விடவில்லை. மேலே போகப் போக மட்டங்கள் மின்னூட்ட இரைச்சலுக்குப் பல மடங்கு அதிகமாக ஆட்படுகின்றன. ஆகவே எல்லை ஒரு படி மேலே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அளவிடும்போது இது இரண்டு விதத்தில் தொல்லை தரும். முதலாவது, கசிந்த நிலை பிறகு திரும்பியும் வரலாம். அப்போது சரிவு ஒற்றை வளைவாக இல்லாமல் இரண்டு வளைவுகளின் கூட்டாகிவிடும். இரண்டாவது, வாசிக்கும் கருவி நான்காவது மட்டத்தை மூன்றாவது என்று எண்ணிவிடலாம். அப்படி எண்ணிவிட்டால் கசிவு கண்ணுக்கே தெரியாது. இதற்கு வழி, கணக்கு மட்டங்களில் மொத்தமாக எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வரிசையின் நீளத்தோடு சேர்த்துத் தனியாகக் குறித்து வருவது. வுட், கம்பெட்டா இருவரும் 2018-இல் எழுதிய முறை இதைச் செய்கிறது. வெளியே போகும் விகிதத்தையும் திரும்பி வரும் விகிதத்தையும் அது தனித்தனியாகக் கொடுத்துவிடும்.

டோமோகிராஃபி செய்து எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தெரிந்துகொள்ளலாமே?

பல உள்ளீடுகளைக் கொடுத்து, பல விதமாக அளந்து, கேட்டை முழுதாக மீட்டு எழுதுவதுதான் டோமோகிராஃபி. சின்னக் கருவிக்குச் செய்யலாம். ஒரு கியூபிட் கேட்டை முழுதாக விவரிக்க 12 எண்கள் போதும். கியூட்ரிட்டுக்கு 72, நான்கு மட்டத்துக்கு 240, ஏழு மட்டத்துக்கு 2352, இரண்டு கியூட்ரிட்டுகள் சேர்ந்தால் 6480. எண்ணிக்கை பரிமாணத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. போதாக்குறைக்கு, சாதாரண டோமோகிராஃபி தயாரிப்புப் பிழையையும் வாசிப்புப் பிழையையும் கேட்டின் கணக்கில் எழுதிவிடும். அதைத் தவிர்க்கும் கேட் செட் டோமோகிராஃபி இன்னும் அதிக அளவீடுகளைக் கேட்கும். ஒரு கேட் ஏன் கெட்டுப்போகிறது என்று துப்பறிய டோமோகிராஃபி அருமையான கருவி. கருவியின் தரத்தை வாராவாரம் கண்காணிக்க அது தோதுப்படாது.

வாசிப்புப் பிழையை எப்படிச் சொல்ல வேண்டும்?

ஒரே சதவீதமாகச் சொல்லக் கூடாது. எந்த மட்டத்தைத் தயாரித்தபோது எந்த மட்டம் என்று வாசித்தது என்று ஒரு சதுர அட்டவணையாகத் தர வேண்டும். கியூட்ரிட்டுக்கு மூன்றுக்கு மூன்று.

ஏன் என்பதைக் கால்சியம் அயனி தெளிவாகக் காட்டும். 397 நானோமீட்டர் ஒளியைக் காட்டினால் தரைநிலையில் இருக்கும் அயனி ஒளிரும், டி மட்டத்தில் இருப்பது இருட்டாகவே இருக்கும். ஒரு பார்வையில் கிடைப்பது ஆம், இல்லை என்ற ஒரே விடைதான். ஏழு மட்டங்களில் ஒன்று தரைநிலையிலும் ஆறு டி மட்டத்திலும் இருந்தால், முதல் பார்வைக்குப் பிறகு 729 நானோமீட்டர் லேசரால் டி மட்டத்தின் ஒரு நிலையைக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. ஆறு முறை வரை இப்படிப் போகும். டி மட்டத்தின் ஆயுள் சுமார் 1.2 வினாடிதான், ஒவ்வொரு லேசர் துடிப்பிலும் கொஞ்சம் பிழை உண்டு. கடைசியாகப் பார்க்கப்படும் மட்டத்துக்கு இவை எல்லாம் சேர்ந்துவிடும். சராசரி எண் இதை மறைத்துவிடுகிறது.

கனடாவின் வாட்டர்லூவில் பேரியம்-137 அயனியில் 13 மட்டங்களைத் தயாரித்து வாசித்துக் காட்டினார்கள். தயாரிப்பும் வாசிப்பும் சேர்ந்த சராசரிப் பிழை சுமார் 8.3 சதவீதம். கியூபிட் கண்ணோடு பார்த்தால் மோசம் என்று தோன்றும். குருட்டுத்தனமாக ஊகித்தால் 13-இல் ஒன்று, அதாவது 7.7 சதவீதம்தான் சரியாக வரும் என்று நினைத்துப் பாருங்கள், அந்த 91.7 எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

டி1, டி2 நேரங்கள் கியூடிட்டுக்கும் ஒன்றுதானா?

ஒன்று போதாது. டி1 என்பது மேல்மட்டம் கீழே இறங்காமல் தாங்கும் ஆயுள்; டி2 என்பது ஒத்திசைவு நேரம், அதாவது நிலையின் அலைக் கட்டம் (ஃபேஸ்) கலையாமல் இருக்கும் நேரம். டிரான்ஸ்மானில் மூன்றாவது மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும் வேகம், இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு இறங்கும் வேகத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே மேல்மட்டத்தின் ஆயுள் பாதிதான் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஒத்திசைவு நேரத்தையும் ஒவ்வொரு மட்ட ஜோடிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். கியூட்ரிட்டுக்கு மூன்று ஜோடிகள், ஏழு மட்டத்துக்கு 21.

இரண்டு கியூட்ரிட்டுகளை இணைக்கும் கேட்களை எப்படி அளக்கிறார்கள்?

சைக்கிள் பெஞ்ச்மார்க்கிங் என்ற முறை இப்போது பரவலாக இருக்கிறது. இன்ஸ்ப்ரூக்கில் அயனிக் கியூபிட்டுகளில் செய்து 2019-இல் வெளியிட்டது. நாம் அளக்க விரும்பும் கேட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, இடையிடையே எளிய தற்போக்குக் கேட்களைச் செருகுவார்கள். கியூபிட்டில் அந்த எளிய கேட்கள் பாலி கேட்கள்: 0-ஐயும் 1-ஐயும் புரட்டுவது, குறியை மாற்றுவது போன்றவை. கியூடிட்டில் அந்த இடத்துக்கு வெய்ல் ஆபரேட்டர்கள் வரும். மட்டங்களைச் சுழற்சியாக ஒரு படி தள்ளுவது ஒன்று, ஒவ்வொரு மட்டத்துக்கும் படிப்படியாகக் கூடும் கட்டத்தைத் தருவது இன்னொன்று. மற்றவை இவற்றின் பெருக்கல்கள். கியூட்ரிட்டுக்கு மொத்தம் ஒன்பது.

இங்கே ஒரு அழகான வித்தியாசம் உண்டு. பாலி ஆபரேட்டர்களை நேரடியாக அளக்கலாம், அவற்றின் மதிப்புகள் மெய்யெண்கள். மூன்று மட்டத்து வெய்ல் ஆபரேட்டர்களின் மதிப்புகள் கலப்பெண்கள். ஆகவே சரிவு விகிதமும் பொதுவாகக் கலப்பெண்ணாகவே வரும், சரிந்துகொண்டே சுழலவும் செய்யும். கியூபிட்டுக்கு எழுதிய மென்பொருளில் மெய்யெண் வளைவு மட்டும் பொருத்தினால் அந்தச் சுழற்சி தொலைந்துவிடும்.

பெர்க்லி குழு 2022-இல் இரண்டு டிரான்ஸ்மான் கியூட்ரிட்டுகளுக்கு இடையே கட்டுப்படுத்திய கட்டக் கேட்டையும் அதன் நேர்மாறையும் செய்தது. ஒன்று 97.3, மற்றது 95.2 சதவீதம். இவை செயல்முறை ஃபிடெலிட்டிகள். 97.3-ஐச் சராசரி முறைக்கு மாற்றினால், பரிமாணம் 9 என்பதால், சுமார் 97.6 ஆகும். இரண்டு கியூபிட் கேட்டின் சராசரி ஃபிடெலிட்டியோடு ஒப்பிட நினைப்பவர்கள் முதலில் இந்த மாற்றத்தைச் செய்துகொள்ள வேண்டும்.

தனியாக ஓட்டும்போது கிடைக்கும் எண்ணும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டும்போது கிடைக்கும் எண்ணும் வேறு. இரண்டு கியூபிட்டுகள் தாமாகவே ஒன்றையொன்று தொந்தரவு செய்யும் கட்டத்தை ஒரே எண்ணால் சொல்லிவிடலாம். இரண்டு கியூட்ரிட்டுகளுக்கு அப்படி நான்கு எண்கள். ஆகவே ஒரே நேரத்து அளவீட்டின் முடிவையும் கேட்டு வாங்குங்கள்.

குவாண்டம் வால்யூமை இங்கே பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், கவனத்தோடு. ஐபிஎம் முன்வைத்த இந்தச் சோதனையில் தற்போக்குச் சுற்றுகளை ஓட்டி, வாய்ப்பு அதிகமுள்ள பாதி விடைகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று பார்ப்பார்கள். குற்றமற்ற கருவிக்குச் சுமார் 85 சதவீதம், வெறும் இரைச்சலுக்கு 50, தேர்ச்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு. மொத்தப் பரிமாணம் போதிய அளவு பெரிதாக இருந்தால் இந்த 85 என்ற எண் கியூபிட்டா கியூட்ரிட்டா என்று பார்ப்பதில்லை. ஐந்து கியூட்ரிட்டுகளின் மொத்தப் பரிமாணம் 243, ஏறக்குறைய எட்டுக் கியூபிட்டுகளுக்குச் சமம்.

சிக்கல் சுற்றின் ஆழத்தில் இருக்கிறது. தற்போக்கான இரண்டு கியூபிட் கேட் ஒன்றை மூன்று சிநாட் கேட்களில் (ஒரு கியூபிட் 1 ஆக இருந்தால் மட்டும் இன்னொன்றைப் புரட்டும் கேட்) கட்டலாம். தற்போக்கான இரண்டு கியூட்ரிட் கேட்டுக்கு அதைவிட அதிகமான இணைப்புக் கேட்கள் வேண்டும். ஒரு அடுக்கு என்று இரண்டு பேரும் சொன்னாலும் உள்ளே நடக்கும் வேலையின் அளவு வேறு. கிடைத்த விடைகளைக் கணினி கணித்த வாய்ப்புகளோடு ஒப்பிடும் குறுக்கு என்ட்ரோபி முறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கூகுளின் சிகமோர் 2019-இல் 53 கியூபிட்டுகளோடு இந்த முறையில் காட்டிய ஃபிடெலிட்டி சுமார் 0.2 சதவீதம்தான், ஆனாலும் அது பெரிய முடிவாக இருந்தது. சுற்றின் அளவையும் ஆழத்தையும் சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

சரி, ஒரு கியூடிட் நல்லதா, பல கியூபிட்டுகள் நல்லதா? நியாயமாக எப்படி ஒப்பிடுவது?

மொத்தப் பரிமாணத்தைச் சமமாக வைத்து, ஒரே வேலையைக் கொடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு கியூக்வார்ட்டை ஒரு கியூபிட்டோடு ஒப்பிடுவது தவறு, இரண்டு கியூபிட்டுகளோடு ஒப்பிட வேண்டும். கியூக்வார்ட்டில் பொதுவான ஒரு கேட் ஆறு துடிப்புகள் வரை கேட்கும். இரண்டு கியூபிட்டுகளில் அதே வேலைக்கு மூன்று சிநாட். துடிப்பு 99.9 சதவீதம், சிநாட் 99.5 சதவீதம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், கியூக்வார்ட்டில் சுமார் 99.4, கியூபிட்டுகளில் ஒற்றைக் கியூபிட் பிழைகளை விட்டுவிட்டாலும் சுமார் 98.5. இங்கே கியூக்வார்ட் ஜெயிக்கிறது. ஆனால் இரண்டு கியூக்வார்ட்டுகளை இணைக்கும் கேட் வந்ததும் கணக்கு மாறலாம்.

இரைச்சலையும் பார்க்க வேண்டும். காந்தப்புலம் ஆடும்போது சுழல் மட்டங்கள் சமமான படிகளில் நகரும். மேல், கீழ் ஓரங்களில் உள்ள மட்டங்கள்தான் அதிகம் அடிபடும். ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக இப்படிப்பட்ட இரைச்சலுக்கு ஆளாகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், கியூடிட்டின் பிழை வேகம் சம பரிமாணக் கியூபிட்டுகளுடையதைவிட எத்தனை மடங்கு என்று வந்துவிடுகிறது: பரிமாணத்தின் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்து, கியூபிட்டுகளின் எண்ணிக்கையைப் போல் மூன்று மடங்கால் வகுக்க வேண்டும். நான்கு மட்டத்துக்கு 2.5, எட்டு மட்டத்துக்கு 7. அதாவது எட்டு மட்டக் கியூடிட் ஒரு வேலையை மூன்று கியூபிட்டுகளைவிட ஏழு மடங்கு விரைவாக முடித்தால்தான் சமன் ஆகும். மட்டங்களைக் கூட்டிக்கொண்டே போவது இலவசமான லாபம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் பார்த்ததில்லை. காந்தப்புலத்தால் அதிகம் பாதிக்கப்படாத மட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சுமை குறையும்.

ஒரே பொருளை இரண்டு விதமாகவும் பார்க்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். விஜய் குழு உருவாக்கிய ட்ரைமான் ஒரே மீக்கடத்திச் சுற்றுதான். அதன் மூன்று அதிர்வு முறைகளை வலுவாக இணைந்த மூன்று கியூபிட்டுகளாக அவர்கள் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் எட்டு நிலைகள். இப்படிப்பட்ட கருவிகளுக்கு எந்தப் பெயரில் கேட் பிழை சொல்லப்படுகிறது என்பது பெயர் சூட்டும் விஷயம் மட்டும் இல்லை, எண்ணே அதனால் மாறும்.

நிஜமான வேலையைக் கொடுத்துச் சோதிப்பது இதைவிட நல்லதில்லையா?

சில வேலைகளுக்கு நல்லது. டோஃபோலி கேட் நல்ல உதாரணம். இரண்டு கியூபிட்டுகளும் 1 ஆக இருந்தால் மட்டும் மூன்றாவதைப் புரட்டும் கேட் அது. கியூபிட்டுகளை மட்டும் வைத்துக் கட்டினால் ஆறு சிநாட் கேட்கள் வேண்டும். இடையில் ஒரு பொருளின் மூன்றாவது மட்டத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொண்டால் இரண்டு பொருள்களை இணைக்கும் கேட்கள் மூன்று போதும். 2012-இல் சூரிச்சில் மீக்கடத்திச் சுற்றில் மூன்றாவது மட்டத்தைப் பயன்படுத்தி டோஃபோலியைச் செய்தபோது செயல்முறை ஃபிடெலிட்டி 68.5 சதவீதம். இங்கே தொடக்கமும் முடிவும் கியூபிட்டுகள்தான், நடுவில் மட்டுமே கியூட்ரிட். ஆகவே சதவீதத்தை வேறொரு டோஃபோலியோடு நேரடியாக ஒப்பிடலாம், பரிமாணச் சிக்கல் எழாது. கியூடிட் ஆதரவாளர்கள் இந்த வகைச் சோதனையை இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

பிழைதிருத்தம் வந்தபின் இந்த அளவீடுகள் மாறுமா?

மாறிவிட்டன. 2025-இல் யேல் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, நுண்ணலைக் குழி ஒன்றின் அலைவுக்குள் கியூட்ரிட்டையும் கியூக்வார்ட்டையும் குறியாக்கிப் பிழை திருத்தியது. அவர்கள் முன்வைத்த எண் ஒரு விகிதம்: பிழை திருத்திய கியூடிட் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதை, அதே கருவியில் அதே மட்ட எண்ணிக்கையில் திருத்தமே இல்லாமல் வைத்திருக்கக்கூடிய சிறந்த கியூடிட்டோடு வகுத்தால் கிடைப்பது. ஒன்றைத் தாண்டினால் திருத்தத்தால் லாபம். கியூட்ரிட்டுக்கு 1.82, கியூக்வார்ட்டுக்கு 1.87.

இந்த விகிதத்தில் தொகுதியும் பகுதியும் ஒரே பரிமாணம், ஒரே கருவி, ஒரே வகைச் சராசரி. ஆகவே மட்ட எண்ணிக்கையால் வரும் குழப்பம் இரண்டு பக்கத்திலும் அடிபட்டுப் போகிறது. கேட்களுக்கும் இதே போன்ற விகிதத்தை வரையறுக்க முடியும்: ஒரு பக்கம் கியூடிட்டில் செய்த வேலை, மறுபக்கம் அதே சில்லில் அதே வேலையைக் கியூபிட்டுகளாகச் செய்தது. டிரான்ஸ்மானிலும் அயனியிலும் இரண்டையும் ஒரே கருவியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். அடுத்து வரும் ஆய்வறிக்கைகளில் நான் முதலில் தேடப்போவது அந்த ஜோடி எண்களைத்தான்.